கமலினி சொல்லும் வங்காளப் படம்

முதல் சுருளிலேயே யாராவது செத்துப்போனால் கமலினிக்குக் கெட்ட கோபம் வரும். "பொறுங்கோ, பொறுங்கோ, இவன் சாகேல்லை" என்று பக்கத்துக் கதிரைக்காரியின் முழங்காலில் தட்டிச் சொல்லிவிட்டு, அந்த மனிதனைப் பம்பாய்க்கு வேலைக்கு அனுப்பிவிடுவார். திரையில் தாய்க்காரி தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். "தாயெல்லே, பிள்ளை தூரத்துக்குப் போனால் அழமாட்டாவே?" என்பார். அடுத்த காட்சியில் அவன் படத்தைச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, ஊதுபத்தியும் கொளுத்தி வைத்திருப்பார்கள். கமலினி அதற்கும் அசரமாட்டார். "அங்கை அவனுக்கு உத்தியோகம் உயர்ந்திட்டுதாம். அதுக்குத்தான் மாலை."

சிட்னியிலுள்ள வங்காளிகள் மாதத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் ஆஷ்ஃபீல்டில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, கல்கத்தாவிலிருந்து வரவழைத்த படம் ஒன்றைப் போடுவார்கள். தமிழ்ப் படம் இந்த ஊருக்கு அத்தி பூத்தாற்போல்தான் வரும். மாமியார், மருமகள், காதல், கண்ணீர் என்றால் எந்தப் பாஷையாயிருந்தால் என்ன என்று தமிழ்ப் பெண்களும் போய்விடுவார்கள். அடியில் ஆங்கில எழுத்து ஓடும் பிரதிகள் இங்கே வருவதில்லை. கமலினிதான் அந்த எழுத்து. இருபத்தைந்து வருடத்துக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வங்காளத்துக்குப் போய் நாலு வருடம் சங்கீதம் படித்தவர் அவர்.

ஐந்தாவது வரிசையின் நடுக்கதிரை அவருடையது. வீட்டிலிருந்து சிறு மெத்தை ஒன்று கொண்டுவந்து அதில் போட்டுக்கொள்வார். இடது பக்கம் மானிப்பாய் விமலா, வலது பக்கம் மாயவரத்து நாகலட்சுமி, அப்புறமும் இப்புறமும் மற்றவர்கள். கணவர் தேவராஜா வெளியே காரிலேயே பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவார். கமலினியின் குரல் கிசுகிசுப்பாகத்தான் தொடங்கும்; கதை சூடு பிடிக்கப் பிடிக்க உயரும். முன்வரிசை வங்காளிக் கனவான்கள் திரும்பி "ஷ்ஷ்" என்பார்கள். அவர் வங்காளியில் ஏதோ சொல்வார். அவர்கள் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வார்கள். என்ன சொன்னார் என்பதை மட்டும் அவர் யாருக்கும் மொழிபெயர்ப்பதில்லை.

வங்காளிப் பெயர்களை அவர் சட்டை செய்வதில்லை. எல்லாரும் மூத்தவன், நடுவிலான், கடைக்குட்டி, சின்னமாமி, அந்த மொட்டை என்றுதான் அறிமுகமாவார்கள். கதாநாயகன் அசடு வழிந்தால் திட்டுவார். அந்தத் திட்டு படத்தில் உள்ளதா, அவருடைய சொந்தத் திட்டா என்று பிரித்தறிய முடியாது. பாட்டு வந்தால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். கண்ணையும் மூடிக்கொண்டு, கூடவே முணுமுணுத்துப் பாடுவார். "என்ன சொல்றாங்க கமலினி, சொல்லுங்களேன்" என்று நாகலட்சுமி இடித்தால், "பாட்டுக்கு அர்த்தம் கேக்கப்படாது, கேட்டுக்கொண்டிருங்கோ" என்று பதில் வரும். அந்த நாலு நிமிடமும் அவர் மண்டபத்தில் இருப்பதில்லை. மிகவும் சந்தோஷமான ஏதோ ஓரிடத்தில் இருக்கிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ஆரம்பத்தில் அவர் இப்படியில்லை. வந்த முதற்படத்தை உள்ளது உள்ளபடியே சொன்னாராம். அதில் கதாநாயகி காசநோயில் இரத்தம் கக்கிச் செத்தாள். விமலா அழுது அழுது இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அன்றைக்கு எடுத்த முடிவுதான். "சிட்னியிலை அழுறதுக்கு எங்களுக்குச் சொந்தக் காரணமே போதும். ஞாயிற்றுக்கிழமை வந்து ரிக்கற் எடுத்தும் அழவேணுமோ?" என்பது அவர் கட்சி. அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. யாருக்கும் அதில் குறையும் இல்லை. விமலா வெளிப்படையாகவே சொல்வாள். "கமலினியக்கா சொல்லுற படத்துக்குத்தான் நான் வாறனான். அங்கை ஓடுற படத்துக்கில்லை."

வார நாட்களில் கமலினிக்குப் பட்டணத்துப் பெரிய உடுப்புக்கடை ஒன்றின் பின்னறையில் வேலை. வெள்ளைக்காரர் வாங்கும் காற்சட்டைகளை அவரவர் காலுக்கு ஏற்றபடி நீளம் குறைத்துக் கொடுக்கவேண்டும். சங்கீதம் படித்தவருக்கு இந்த வேலையா என்று உச்சுக்கொட்டினால் அவருக்குப் பிடிக்காது. வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. துணியை வெட்டமாட்டார், உள்ளே மடித்துத்தான் தைப்பார். மேற்பார்வைக்காரிக்கு இதில் எரிச்சல். "மனுசர் நாளைக்கு மாறுவினம். துணி உள்ளுக்கை இருக்கட்டும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு மடிப்பார்.

அந்தப் பின்னறைக்குத்தான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யோகா வந்து நின்றாள். யோகா ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிற பெண். பெயின்ற் தொழிற்சாலை ஒன்றில் இரசாயனம் கலக்கும் தீபங்கர் என்ற வங்காளிப் பையனைக் கட்ட நினைத்திருந்தாள். மண்டபத்தில் மாதாமாதம் புரொஜெக்டர் ஓட்டுகிறவனும் அவன்தான். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலிலிருந்து தாய் இரஞ்சிதம் மூன்று மாத விசாவில் வந்திருந்தார். இரண்டேமுக்கால் மாதம் முடிந்துவிட்டது. அந்த இரண்டேமுக்கால் மாதத்தில் அவர் தீபங்கரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"வாற வியாழக்கிழமை அம்மா பிளேன் ஏறுறா, அன்ரி. அவ ஓம் எண்டு சொல்லாமல் நான் கட்டமாட்டன். அவருக்கும் சொல்லிப்போட்டன்" என்றாள் யோகா. "வங்காளிகளும் எங்களைப்போல மனுசர்தானெண்டு ஒரு படத்தையாவது பாக்கட்டும் எண்டு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதிக்கப் பண்ணியிருக்கிறன். உங்களுக்குப் பக்கத்திலைதான் இருத்துவன். நீங்கள்... பாத்துச் சொல்லுங்கோ."

கமலினியின் வாய் நிறையக் குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுப் பேசினார். "நான் ஒருநாளும் கூட்டிக் குறைச்சுச் சொன்னதில்லை, பிள்ளை." யோகா சிரிக்காமல் நின்றாள். கெட்டிக்காரி.

ஞாயிற்றுக்கிழமை தேவராஜாவின் காரிலேயே எல்லாரும் போனார்கள். வழி நெடுக இரஞ்சிதத்தின் பேச்சுத்தான். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்த ஆசிரியை. ஒவ்வொரு சொல்லும் கரும்பலகையில் எழுதுவதுபோல் வரும். "மீன் மச்சம் தின்னுற ஆக்கள். எங்கடை சாப்பாடு தெரியாது. எங்கடை பாஷை தெரியாது. நாளைக்குப் பேரப்பிள்ளையோடை நான் என்ன பாஷையிலை கதைக்கிறது? ஊரிலை ஆரின்ரை முகத்திலை முழிக்கிறது?" யோகா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கமலினி மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு, "படம் நல்ல படமாம், அக்கா" என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். அவரும் அந்தப் படத்தைப் பார்த்தவரில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

மண்டபத்தில் புரொஜெக்டர் ஐந்தாம் வரிசைக்கு நேர் பின்னால் ஒரு மேசையில் இருக்கும். இரஞ்சிதம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், நாகலட்சுமி விட்டுக்கொடுத்த கதிரையில் கைப்பையை மடியில் நிறுத்தி அமர்ந்தார். தீபங்கர் விளக்கை அணைத்தான்.

கதை எளிமையானது. கல்கத்தாவில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டின் கடைக்குட்டி, பாட்னாப் பக்கத்து, மீன் தொடாத சைவக் குடும்பத்துப் பெண் ஒருத்தியைக் காதலிக்கிறான். கல்யாணம் நிச்சயமாகிறது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குச் சீர் வருகிறது. தட்டுத் தட்டாகப் பழம், சேலை, எல்லாவற்றுக்கும் நடுவில், இரண்டு பேர் தூக்கிவந்த பெரிய தட்டில், மூன்று முழ நீளத்தில் ஒரு மீன். அதன் தலையில் குங்குமம். மூக்கில் மூக்குத்தி. உடம்பில் சிவப்புப் பட்டு.

இரஞ்சிதத்தின் முதுகு நிமிர்ந்தது. "உதென்ன?"

வங்காளத்துக் கல்யாணத்தில் மீனை மணப்பெண்போல அலங்கரித்து அனுப்புவார்கள் என்பது கமலினிக்கு நன்றாகத் தெரியும். "அது இனிப்பு, அக்கா. பாலைத் திரைச்சுச் செய்யிறது. அவையள் எல்லா வடிவத்திலும் செய்வினம்" என்றார்.

"இனிப்புக்கு ஏன் பொம்பிளை வீட்டுக்காரர் மூக்கைப் பொத்துகினம்?"

"பழுதாப்போச்சுதுபோலை. வெயில் நாளெல்லே."

அடுத்த காட்சியிலேயே ஒருத்தி சமையற்கட்டில் குந்தியிருந்து அந்த இனிப்பைச் செதிள் செதிளாகச் சுரண்டத் தொடங்கினாள். பக்கத்தில் ஒரு பூனை. விமலா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். கமலினி பூனையைப் பற்றி இரண்டொரு வார்த்தை புகழ்ந்தார்.

புரொஜெக்டர் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்ததைக் கோர்க்க ஐந்து நிமிடம் ஆகும். வழக்கமாக அந்த ஐந்து நிமிடத்தில் பிளாஸ்க் திறக்கும், கமலினி சொன்ன கதைக்கு விளக்கம் கேட்கப்படும். அன்று எல்லாரும் இரஞ்சிதத்தின் முகத்தையே பார்த்திருந்தார்கள். அவரோ மண்டபத்துச் சுவரிலிருந்த, யேசு பிறந்த மாட்டுத்தொழுவப் படத்தைப் பார்த்திருந்தார்.

இரண்டாம் சுருளிலும் மூன்றாம் சுருளிலும் கமலினி படாத பாடு பட்டார். பாட்னாப் பெண் கல்யாணமாகி வந்துவிட்டாள். கணவன் வேலையாக வெளியூர் போய்விட்டான். இவன் உண்மையாகவே போனவன் என்பதில் கமலினிக்கு ஓர் ஆறுதல். மாமியார் மருமகளைக் கரித்துக்கொட்டினாள். தமிழில் அது புத்திமதியாக வந்தது. மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள்; தமிழில் அவவுக்கு வயிற்றுக் குத்து. நாலாம் சுருளின் நடுவில் மாமியார் வாசலைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னாள்.

"போய்ச் சாப்பிடு பிள்ளை, நேரமாச்சு எண்டு சொல்லுறா" என்றார் கமலினி.

மருமகள் விம்மி அழுதுகொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து, சேலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"சாப்பிடச் சொன்னதுக்கு ஏன் பெட்டி அடுக்குறாள்?" இரஞ்சிதம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். பிறகு மெதுவாகத் திரும்பினார். "கமலினி, நான் குழந்தைப்பிள்ளை இல்லை. உள்ளதைச் சொல்லும்."

வகுப்பில் பிடிபட்ட பிள்ளைபோல் ஆகிவிட்டது கமலினிக்கு. யோகாவை ஒருமுறை பார்த்தார். பாவம், அவள் கைக்குட்டையைக் கயிறாகத் திரித்துக்கொண்டிருந்தாள். திரையில் மாமியார் மூத்த மகனிடம் மூச்சுவிடாமல் பேசத் தொடங்கியிருந்தாள். கமலினி தொண்டையைச் செருமிக்கொண்டு, வருடக் கணக்குக்குப் பிறகு முதல்தடவையாக, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொன்னார்.

"எங்கடை ஆள் இல்லை எண்டுறா. எங்கடை சாப்பாடு தெரியாதாம். எங்கடை பாஷை தெரியாதாம். நாளைக்குப் பேரப்பிள்ளையோடை நான் என்ன பாஷையிலை கதைக்கிறதாம். தெருவிலை ஆரின்ரை முகத்திலை முழிக்கிறதாம்."

விமலா தலையைத் திருப்பினாள். நாகலட்சுமி, "அடேயப்பா" என்றாள். இரஞ்சிதத்தின் முகம் இருட்டிலும் சிவந்தது தெரிந்தது.

"கமலினி, இது நான் காருக்குள்ளை சொன்னது."

"இல்லையக்கா. அவதான் சொல்லுறா."

"என்ரை வாயிலையிருந்து எடுத்து அவவின்ரை வாயிலை வைக்கிறீர். முப்பது வரியம் படிப்பிச்சனான். பிள்ளையள் பாத்தெழுதினால் எனக்கு விளங்காதோ?"

"சத்தியமாய்..."

"மீனை இனிப்பெண்டு சொன்ன வாய்தானே?"

சுருள் முடிந்தது. விளக்கு எரிந்தது.

கமலினிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை படத்தில் இத்தனை பொய் சொல்லி ஒருத்தரும் ஒரு குறையும் சொன்னதில்லை. ஒரே ஒரு உண்மை சொன்னதற்கு இந்தப் பேச்சு. எழும்பி நின்று பின்பக்கம் திரும்பினார். அகப்பட்ட முதல் வங்காளி தீபங்கர். வங்காளியில் அவனைக் கூப்பிட்டார். யோகா, "அன்ரி, வேண்டாம்!" என்றது காதில் விழவில்லை. அவன் ஐந்தாம் சுருளின் நுனியைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றான்.

"இந்த அம்மாவுக்கு ஆங்கிலத்திலை சொல்லும். கடைசியா அந்த மாமி என்ன சொன்னவ?" என்று வங்காளியிலேயே கேட்டார்.

அவனுக்கு நிலைமை விளங்கிவிட்டது. யோகாவைப் பார்த்தான்; யோகா நிலத்தைப் பார்த்தாள். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காது மடல் இரண்டும் சிவக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எங்கள் ஆள் இல்லை. எங்கள் சாப்பாடு தெரியாது. எங்கள் பாஷை தெரியாது. பேரப்பிள்ளையோடு எந்தப் பாஷையில் பேசுவேன். தெருவில் யார் முகத்தில் விழிப்பேன்.

இரண்டேமுக்கால் மாதத்துக்குப் பிறகு இரஞ்சிதம் அவனிடம் பேசிய முதல் வசனம் ஆங்கிலத்தில் இருந்தது. இப்படிச் சொல்லச் சொல்லி உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டார்.

"யாரும் இல்லை, மேடம்" என்றான் அவன். பிறகு சொல்வதா விடுவதா என்று தயங்கி, சொன்னான். "என் அம்மாவும் போன மாதக் கடிதத்தில் யோகாவைப் பற்றி இதையேதான் எழுதியிருக்கிறார். மீன் தின்னாத பெண் என்று."

இரஞ்சிதத்தின் ஆங்கிலமெல்லாம் பறந்துவிட்டது. "என்ன? என்ரை பிள்ளையிலை அவவுக்கு என்ன குறையாம்? படிச்சவள், உத்தியோகம் பாக்கிறவள், ஒரு தூசி தட்டேலாது. வேண்டாமெண்டு சொல்ல அவ ஆர்?" என்று மகளிடமும் கமலினியிடமும் மாட்டுத்தொழுவப் படத்திடமும் மாறி மாறிக் கேட்டார். ஒருத்தரும் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் நாகலட்சுமிதான் உடைந்தாள். பிறகு வரிசையே குலுங்கியது. இரஞ்சிதத்தின் உதடும் ஓர் ஓரத்தில் கோணியது. அதை அவர் கைப்பையைத் திறந்து கண்ணாடி தேடுவதுபோல் மறைத்துக்கொண்டார்.

"மிஸ்ரர்" என்றார் பிறகு ஆங்கிலத்தில். "சுருளைப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்காரும். மீதியை நீர் சொல்லும். கமலினி, எழும்பும்."

கமலினி எழும்பினார். மெத்தையை விட்டுவிட்டே எழும்பினார். வரிசையின் கடைசிக் கதிரையில் போய் அமர்ந்து, வேலையில்லாத கைகளை மடியில் கோர்த்துக்கொண்டார்.

ஐந்தாம் சுருள் குறுகியது. தீபங்கர் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தான். கடைசிக் காட்சி. வாசற்படியில் பெட்டியோடு மருமகள். வெளியே கொட்டுகிற மழை. உள்ளே நிலைக்கதவைப் பிடித்தபடி மாமியார். கடைசியில் மாமியார் எங்கோ பார்த்தபடி ஒரு சின்ன வசனம் சொன்னாள். மருமகள் பெட்டியைக் கீழே வைத்தாள். அத்தோடு படம் முடிந்தது. இதென்ன முடிவு என்று முன்வரிசைக் கனவான்களே முணுமுணுத்தார்கள்.

மாமியார் சொன்னது, "மழை விட்ட பிறகு போ." அவ்வளவுதான். கமலினி அதை இரண்டு காதாலும் கேட்டார்.

தீபங்கர் ஒரு கணம் தாமதித்தான். "இந்த மழையில் எங்கே போவாய் என்று கேட்கிறார்" என்றான். "உள்ளே வா என்கிறார். இது உன் வீடும்தான் என்கிறார்."

விளக்கைப் போட அவன் எழும்பிப் போனான். இரஞ்சிதம் கடைசிக் கதிரைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "கமலினி, இந்த ஒருக்காலாவது உண்மையைச் சொல்லும். பொடியன் சொன்னது சரியோ?"

யோகாவின் கைக்குட்டை நின்றது. பின்னால் நின்ற தீபங்கருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன கேட்கப்படுகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். சுருளை வைத்த கை அப்படியே நின்றது. கமலினிக்கு உள்ளுக்குள் ஒரு பொறாமை எழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே இடத்தில் தானிருந்திருந்தால் இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது.

"ஓமக்கா" என்றார். "சொல்லுக்குச் சொல் சரி."

இரஞ்சிதம் கைப்பையைப் பூட்டினார். "யோகா, புதன்கிழமை மத்தியானம் அவரைச் சாப்பிட வரச் சொல்லு. மரக்கறிதான் எண்டும் சொல்லிப்போடு. பிறகு ஆரும் நான் ஏமாத்தினதெண்டு சொல்லப்படாது." சொல்லிவிட்டு, காரில் தூங்கும் தேவராஜாவை எழுப்புவதற்காக வாசலைப் பார்த்து நடந்தார். யோகா முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

கமலினி மெத்தையை எடுத்துத் தட்டினார். மேசையில் தீபங்கர் குனிந்த தலை நிமிராமல், தேவைக்கு மேல் கவனமாகச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தான். கமலினி போய், தகரப் பெட்டியைத் திறந்து அவனுக்குப் பிடித்தார். அவன் சுருளை உள்ளே வைத்தான். மூடியை அழுத்தி மூடிவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்து, ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, முழங்கையால் அவன் விலாவில் நறுக்கென்று ஓர் இடி இடித்தார்.